தையல் அக்கா, சுருளிப்பட்டி தோட்டம்

என் போனில் ஒன்றுமே கிடையாது என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். உண்மைதான். வாங்கும்போதே அதற்குள் குடியிருந்த பெரிய கம்பெனியின் கடை, வரைபடம், அஞ்சல், காலண்டர் அத்தனையையும் ஒரு கோடை விடுமுறையில் மடிக்கணினியோடு இணைத்துத் துடைத்தெடுத்துவிட்டு, வேறொரு இயங்குதளத்தை ஏற்றியிருந்தேன். இரண்டு முறை திரை கறுத்துப்போய்ச் செத்தது போலக் கிடந்தது. மூன்றாம் முறை கண் விழித்தபோது உள்ளே எண்ணி எட்டு ஆப் இருந்தன. வெள்ளையடித்து, சாமான் இன்னும் ஏற்றாத வீட்டுக்குள் நிற்பது போல ஒரு சுகம். அரை நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கம்பத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எந்த ஆப்பை ஏற்றுவதானாலும் அதற்குள் எத்தனை வேவுக்காரர்கள் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். கணக்குத் திறக்காமல், பெயர் சொல்லாமல் இறக்கிக்கொள்ள வழி இருந்தால்தான் இறக்குவேன். மற்றவர்கள் விரல் நுனியில் முடிக்கிற பல காரியங்களுக்கு நான் வெயிலில் நடந்து போய்வருவேன். இது கொள்கை இல்லை, வியாதி என்பார் என் கணவர். எனக்கென்னவோ நடப்பது பிடித்திருந்தது. நடந்தால் கனவு காணலாம், எங்கள் பள்ளத்தாக்கு அதற்குத் தோதான இடம். இரண்டு பக்கமும் மலை. மேற்கே ஏலக்காய் மலைமேல் மேகம் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசில்லாமல் மத்தியானம் வரை இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போய், போன காரியம் மறந்து திரும்பி வந்த நாட்களும் உண்டு.

அவள் வந்தது ஓர் ஐப்பசி மாதம். தேனியில் கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் நானும் அவளும் ஒரே அறை. யாருக்கு எது கிழிந்தாலும் ஊசி நூலோடு வந்து நிற்பவள் அவள்தான். பிறகு மார்க்கையன்கோட்டைப் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். ஒரு மணி நேர பஸ் தூரம்தான். ஆனாலும் பதினாறு வருஷத்தில் நாலு தடவை பார்த்திருப்போம். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த நேரம், பள்ளிக்கூட வாசலில் ஒரு துணிப்பையோடு, தலையெல்லாம் தூறல் நனைந்து நின்றாள். போன் எங்கே என்று கேட்டேன். வீட்டில் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அது அங்கே கிடக்கும்வரை அவளும் வீட்டில் கிடப்பதாகத்தான் அவள் வீட்டுக்காரர் போனில் காட்டும்.

"அவுக என்னைய அடிக்கல," என்றாள். "அடிச்சிருந்தா யாருகிட்டயாச்சும் போயிச் சொல்லலாம். நான் எங்கன நிக்கிறேன்னு எந்நேரமும் அவுகளுக்குத் தெரியுது. அம்புட்டுத்தான்."

பாதுகாப்புக்கு என்று சொல்லி அவர் ஒரு ஆப்பை அவள் போனில் ஏற்றியிருக்கிறார். பூக்கடையில் பத்து நிமிஷம் கூடுதலாக நின்றால் சாயங்காலம் அதற்கு ஒரு கேள்வி. வேப்பமர நிழலில் சும்மா நின்றாலும் கேள்வி. கோபமாகக்கூடக் கேட்க மாட்டாராம், சிரித்துக்கொண்டே கேட்பாராம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. இதை ஒரு புகாராக எழுதினால் படிக்கிறவர்கள் அக்கறையான புருஷன் என்றுதான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தான் இருக்கிற இடம் கொஞ்ச நாளைக்கு யாருக்கும் தெரியக்கூடாது. நான் சரி என்றேன். கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுக்காத குறை.

சுருளிப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. என் கணவர்தான் பார்த்துக்கொள்கிறார். தோட்டத்துக்குள்ளே ஒரு அறையும் சமையல் மேடையுமாகச் சின்ன வீடு. மருந்து டிரம்மையும் பழப் பெட்டிகளையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அதை அவளுக்குக் கொடுத்தோம். கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து கொடி துளிர்விட்டிருந்த நேரம். பந்தலுக்குக் கீழே போய் நின்றால் வெளிச்சமே பச்சையாக இருக்கும். முதல் நாலைந்து நாள் அவள் ஒன்றும் செய்யவில்லை. பந்தலைத் தாங்கும் ஒரு கல்தூணில் சாய்ந்து நின்றாள், இன்னொரு கல்தூணுக்கு நடந்து போய் அங்கே சாய்ந்து நின்றாள். ஏன் நின்றாய் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நான் போகும்போது பல நாள் அப்படித்தான் பார்த்தேன். அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவள் முகத்தில் பதினாறு வருஷம் குறைந்து தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

போன் இல்லாமல் எத்தனை நாள் இருப்பது. என் பழைய போன் ஒன்று இருந்தது. அதையும் துடைத்துப் புதிதாக ஆக்கி, என் பெயரில் ஒரு சிம் வாங்கிப் போட்டுக் கொண்டுபோனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஆப்பாக ஏற்றினோம். வகுப்பில்கூட நான் அவ்வளவு ஆசையாகப் பாடம் நடத்தியதில்லை. வானொலி ஆப் இருக்கும் இடத்தைக் கேட்டது. எதற்கு என்று அவளிடமே கேட்டேன். யோசித்துப் பார்த்து, பாட்டுக் கேட்க இடம் எதுக்கு என்றாள். டார்ச் லைட் ஆப் தெரிந்தவர்களின் எண்களையெல்லாம் கேட்டது. அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த கொக்கு பறந்து போய்விட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று தேடினோம். சில ஆப் அந்த எண்களின் பட்டியலைத் தராவிட்டால் உள்ளேயே விடாது. அதற்கும் இந்த இயங்குதளத்தில் ஒரு தந்திரம் உண்டு. பட்டியலைத் தருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வெறும் பட்டியலை நீட்டலாம். ஆப் நம்பிக்கொள்ளும்.

அவளுக்கு அனுமதி மறுக்கும் பொத்தான்தான் ரொம்பப் பிடித்துப்போனது. திரும்பத் திரும்ப அதையே அழுத்தினாள்.

"வேணாம்னு சொல்றதுக்குன்னே ஒரு பட்டன் வச்சிருக்காகளாடி," என்றாள்.

இணையம் இல்லாமலே ஓடும் வரைபடம் ஒன்றையும் ஏற்றிக் கொடுத்தேன். கம்பம், கூடலூர், சுருளி ஆறு, மேலே குமுளி எல்லாம் அதில் இருந்தன. நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிற நீலப் புள்ளி மட்டும் இல்லை, அதை அணைத்துவிட்டிருந்தேன். அவள் அந்த வரைபடத்தை விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தாள். மலையைத் தாண்டி, ஏலத்தோட்டங்களைத் தாண்டி, கடல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். இதில் நான் எங்கேயும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த மத்தியானம் முடியவே கூடாது என்று இருந்தது எனக்கு.

அவள் புது எண்ணை என் போனில் எழுதும்போது ரொம்பக் கவனமாக இருந்தேன். அவள் பெயரைப் போடவில்லை. ஊசி நூலை நினைத்துக்கொண்டு, 'தையல் அக்கா, சுருளிப்பட்டி தோட்டம்' என்று எழுதினேன். என்னைவிட மூன்று மாதம் சின்னவளை அக்கா ஆக்கிய சாமர்த்தியத்தை அன்று ராத்திரி கணவரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

கார்த்திகையில் அவள் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். அவ்வளவு மரியாதையான குரலை நான் கேட்டதில்லை. "எங்க வீட்டுல அங்கன வந்தாகளா டீச்சர்?" என்றார். இல்லையே, என்ன விஷயம் என்று நானும் மரியாதையாகப் பொய் சொன்னேன். அதற்கப்புறம் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது. எடுத்தால் பேச்சில்லை, வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்தான் வேறு வேறு எண்ணிலிருந்து மோப்பம் பிடிக்கிறார் என்றே நினைத்தேன். பாடம் நடத்தும்போது மேசைமேல் போன் அதிர்ந்தால் எழுதிக்கொண்டிருந்த வரி அந்தரத்தில் நிற்கும்.

அழைப்பது யார் என்று காட்டும் ஆப் ஒன்று ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் இருந்தது. நான் ஒருத்திதான் அதைத் திட்டிக்கொண்டிருந்தவள். ஒரு நாள் காலையில் ஒரே எண் மூன்று தடவை வந்ததும் பயம் தாங்கவில்லை. பெயர் தராமல் இறக்கும் வழியில்தான் இறக்கினேன். இருக்கும் இடம் கேட்டது, மறுத்தேன். மைக் கேட்டது, மறுத்தேன். பட்டியலைக் கேட்டது, மறுத்தேன். அது நகரவில்லை. அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. வெறும் பட்டியலை நீட்டும் தந்திரம் அந்த அவசரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரே ஒரு முறை என்று அனுமதி கொடுத்தேன். பார்த்தால், சொட்டுநீர்க் குழாய் விற்கிற ஆள். மூச்சு விட்டு, ஆப்பை அழித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மொத்தம் பத்து நிமிஷம் இருந்திருக்கும் அது என் போனில். வந்த சுவடு தெரியாமல் அனுப்பிவிட்டதாக எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. பந்தலில் பிஞ்சுகள் பட்டாணி அளவுக்கு வந்திருந்தன. கொத்துக்கு மேல் மறைக்கிற இலைகளைக் கிள்ளுகிற வேலை. இரண்டு பேரும் அண்ணாந்தபடியே பேசிக்கொண்டு கிள்ளினோம். இலை எடுத்த இடத்திலெல்லாம் காசளவு வெயில் விழுந்து எங்கள் தோள்மேல் அசைந்துகொண்டிருந்தது. என்ன பேசினோம் என்று இப்போது ஞாபகமில்லை. விடுதிச் சாம்பாரைப் பற்றியாகத்தான் இருக்கும். அப்போது என் கணவர் பஸ் ஸ்டாப் டீக்கடையிலிருந்து போன் செய்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"இங்கன ஒருத்தரு போனைக் காட்டி விசாரிக்கிறாரு. தையல் அக்கா, சுருளிப்பட்டி தோட்டம்னு போட்டிருக்கு. நீ அந்தப் பிள்ளைக்கு வச்ச பேருதான அது? கூடலூர் ரோட்டுல ரெண்டு தையல் கடை இருக்கு, அங்க போயிப் பாருங்கன்னு அனுப்பிட்டேன். திரும்பி வந்துருவாரு."

அந்த வார்த்தைகள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. என் போனில் மட்டும்தான் அப்படி ஒருத்தி இருந்தாள். அந்த ஆப் வேலை செய்கிற விதமே அதுதான். நம் பட்டியலை அள்ளிக்கொண்டு போய், ஒருவர் எண்ணை நாம் என்னவென்று எழுதி வைத்திருக்கிறோமோ, அதை அந்த எண்ணைத் தேடுகிறவனுக்கெல்லாம் காட்டும். பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம். பத்து நிமிஷம் அதற்குத் தாராளம். எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்றுதான் புரியவில்லை. அதை அவளே சொன்னாள். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு தடவை அம்மாவுக்குப் பேசியிருக்கிறாள். அம்மா போனை அவர் எடுத்துப் பார்த்திருப்பார்.

"நான்தான்டி," என்றேன். ஆப்பை ஏற்றியதையும் அழித்ததையும் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரைக்கூடப் போடவில்லையே என்று கடைசியில் அழுதேன்.

அவள் கையில் கிள்ளிய இலை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "பேர மறைச்சிட்ட. என் பேரு அவுகளுக்குத் தெரியுமேடி. ஊருதான தெரியாது."

எங்கள் பக்கத்தில் ஊர் சேர்க்காமல் யாரையும் எழுதி வைக்க மாட்டோம். கோம்பை மாமா, உத்தமபாளையம் பாய், கூடலூர் மோட்டார் மெக்கானிக். ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற இடத்தில் ஊர்தான் ஆளுக்கு அடையாளம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாக எழுதிவிடும். அத்தனை வேவுக்காரர்களையும் எண்ணி எண்ணி விரட்டினவள், அவள் உயிரைக் கொடுத்து மறைத்த ஒன்றே ஒன்றை என் கையாலேயே எழுதிப் போட்டிருந்தேன். என்மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு அதற்கு முன் வந்ததில்லை.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொடியில் காய்ந்தும் காயாமலும் கிடந்த துணிகளை எடுத்து அதே துணிப்பையில் வைத்தாள். போனிலிருந்து சிம்மைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். போனை எடுத்துக்கொண்டாள். கோம்பையில் என்னோடு வேலை பார்க்கிற ஒரு டீச்சர் வீடு இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாத. நீ சொல்ற எடத்துக்கு நான் போக மாட்டேன். நான் போற எடத்த நீயும் கேக்காத. அந்த நம்பரையும் அழிச்சிரு."

அவள் பார்க்கவே அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று போன் ஒரு தடவை கேட்டது. அவளைக் கொண்டுபோய் விட என் கணவரைக்கூடக் கூப்பிட விடவில்லை. ரோடு வரைக்கும் கூடப் போனேன். மலையிலிருந்து ஏலக்காய் வேலை முடிந்து இறங்குகிற ஜீப்புகள், மேலே ஏறுகிற லாரிகள், கம்பம் போகிற ஆட்டோக்கள் என்று சாயங்கால ரோடு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வண்டி நிற்கப் போவது போலச் சத்தம் கேட்டதும் நான் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி எந்தப் பக்கம் போனது என்று பிரித்தறியாமல் இருக்க, காதையும் பொத்திக்கொண்டேன். ரோட்டில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். வெறும் அறையைப் பார்த்தார். தரையில் ஒரு நூல்கண்டு கிடந்ததை எடுத்து மேடைமேல் வைத்தார். எங்கே போனார்கள் என்று அதே மரியாதையோடு கேட்டார். தெரியாது என்றேன். உண்மையைச் சொல்லுகிற முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பந்தலுக்கு அடியில் குனிந்து குனிந்து அவர் போவதைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. கூடவே ஏனோ கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

அந்த வாரம் என் பட்டியலில் இருந்த எல்லாப் பெயரிலிருந்தும் ஊரை எடுத்தேன். இப்போது என்னிடம் ஆறு மாமாவும் நாலு பாயும் இருக்கிறார்கள், யார் எவர் என்று ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மாமாவின் பேரன் காதுகுத்துக்கு இன்னொரு மாமாவை விசாரித்து ஒரு மனஸ்தாபமும் ஆனது. ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். மாசியில் பழம் அறுத்தோம். பந்தல் மறுபடி மொட்டையாகி, மறுபடி துளிர்விட்டது. மேகம் இறங்கியிருக்கும் காலை நேரங்களில் பள்ளிக்கு நடக்கும்போது அவளை மலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பேன், பிறகு இந்தப் பக்கம், பிறகு ஏதோ ஒரு கடற்கரையில். எங்கே வைத்தாலும் ஒரு தூணில் சாய்ந்துதான் நின்றாள். பிறகு அப்படி நினைப்பதுகூடத் தப்போ என்று தோன்றி நிறுத்திவிடுவேன்.

ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு போகிற ஒரு காலையில் போன் அடித்தது. பெயரில்லை, வெறும் எண். எடுத்தேன்.

"நான்தான்," என்றாள்.

எங்கள் பக்கம் போனை எடுத்ததும் ஊர் வழக்கமாக முதலில் வாயில் வருவது எங்கன இருக்க என்பதுதான். பக்கத்து அறையில் இருக்கிறவர்களிடம்கூட அப்படித்தான் கேட்போம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டாளாம். நன்றாகத் தூக்கம் வருகிறதாம். ஒரு இடத்தில் தைக்கிறாளாம். அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ இரைச்சல் இருந்தது. அது அலையா, ரயிலா, நம்ம காற்றேதானா என்று என் காது தானாகத் தேட ஆரம்பித்தது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்றாள். உலகத்தில் ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டாள். "ஒன்கிட்ட மட்டும் சொல்லிருறேன். நான் இப்ப இருக்கிறது..."

"சொல்லாதடி," என்றேன். அழுகையில் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "தெரிஞ்சா எங்கனயாச்சும் எழுதி வச்சிருவேன்."